சிசோவின் ஒற்றைக் கைக் கேமரா

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை ஒரு ரப்பர் வளையத்தைத் துடைத்தது. மே இருபத்தாறு, ஞாயிறு, பிற்பகல் மூன்றரை. சமையலறை மேசையில் பழைய துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் கேமராவின் பிளாஸ்டிக் உறையைத் திறந்து வைத்திருந்தோம். கடலுக்குள் கேமரா நனையாமல் காப்பது அந்த உறை. உறையின் இரண்டு பாதிகளுக்கு நடுவே தண்ணீரைத் தடுப்பது அந்த வளையம். அதில் ஒரு தலைமுடி கிடந்தால் போதும், கேமரா போய்விடும்.

நான் பூதக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அப்பா வளையத்தைக் கீழுதட்டின்மேல் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டார். பாதிச் சுற்றில் நின்றார்.

"ஒண்ணு இருக்கு. உன் முடிதான் நெனெ. என் தலையில ஏது இவ்வளவு நீளம்?"

மகளான என்னை அவர் நெனெ என்றுதான் கூப்பிடுவார். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இருந்தது. நான்கு மில்லிமீட்டர். இடுக்கியால் எடுத்தேன். பச்சைப்பயறு அளவுக்குக் கிரீஸ் எடுத்து அவர் வளையம் முழுக்கத் தடவினார். இதற்கிடையில் நான் கேமராவின் அட்டையிலிருந்த அறுநூற்றுப் பதினோரு படங்களைக் கணினிக்கு மாற்றி, அட்டையை அழித்துக் காலியாக்கினேன். உறையை மூடி வாளித் தண்ணீரில் மூன்று நிமிடம் அமிழ்த்தினோம். குமிழி வரவில்லை. பிறகு இருவரும் கடைக்குப் போய் லோமி நூடுல்ஸ் சாப்பிட்டோம். ஒவ்வொரு ஞாயிறும் இதே வரிசைதான்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து இருபதுக்கு அடுப்பில் காப்பி வைத்துவிட்டு அப்பா கீழே விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஒன்பது நாற்பதுக்கு எல்லாம் முடிந்தது. வயது ஐம்பத்து மூன்று.

அவர் பெயர் நார்சிசோ மரசிகன். மணிலாவுக்குத் தெற்கே, அனிலாவ் கடற்கரையில், குயா சிசோ, அதாவது சிசோ அண்ணன், என்றால்தான் தெரியும். வெளியூரிலிருந்து கேமராவோடு வந்து முங்குகிறவர்களுக்குக் கடலடியில் உயிர்களைத் தேடிக் காட்டுவது அவர் வேலை. இருபத்தாறு வருடம் ஒரே விடுதியில். இங்கே வருகிறவர்கள் சுறாவைப் பார்க்க வருவதில்லை. விரல்நகத்தைவிடச் சிறிய நத்தை, முடி முளைத்த இறால், பவழ விசிறியில் சுற்றிக்கொண்டிருக்கும் அரிசி அளவுக் கடல்குதிரை இவற்றைத்தான் கேட்பார்கள். அவை எல்லாம் தாங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் நிறத்திலேயே இருக்கும். வழிகாட்டி உலோகக் குச்சியின் நுனியால் காட்டுவான். விருந்தினர் கிட்டே போய்ப் படம் எடுப்பார். காட்டத் தெரியாதவனுக்கு இங்கே வேலை கிடையாது.

நாற்பத்தெட்டு வயதில் அப்பாவுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்க ஆரம்பித்தது. கைபேசியை நீட்டிப் பிடித்துப் படித்தார். நடைபாதைக் கடையில் கண்ணாடி வாங்கிக்கொண்டார். கரையில் அது போதும். கடலுக்குள் முகமூடிக்கு அடியில் கண்ணாடி போட முடியாது. தண்ணீருக்குள் பொருள்கள் உண்மையில் இருப்பதைவிடக் கால்பங்கு கிட்டத்தில் தெரியும். கிட்டத்தில் பார்க்க முடியாத கண்ணுக்கு அது இன்னும் மோசம்.

விடுதி முதலாளி மேடம் செலினிடம் சொல்லிவிடலாமே என்றேன். அதற்கு முந்தைய வருடம் ஒரு வழிகாட்டி அப்படிச் சொன்னார். மேடம் அவரை அன்பாகக் காற்றுக் குடுவை நிரப்பும் அறைக்கு மாற்றினார். நான்கு மாதம் அந்த இரைச்சலில் இருந்துவிட்டு அவர் மிலானுக்குப் போய்விட்டார். எங்கள் மபினி வட்டாரத்தில் இரண்டு வழிதான். கடல், இல்லாவிட்டால் இத்தாலி. மலைச்சரிவில் இருக்கும் பெரிய வீடுகளெல்லாம் இத்தாலியில் வயதானவர்களைக் குளிப்பாட்டிக் கட்டியவை. என் அம்மாவும் பதினோரு வருடமாக அங்கேதான். வாரம் இரண்டு முறை திரையில் வந்து அப்பாவைக் கூப்பிடுவாள்.

"வந்துருங்களேன். மாடி வீட்டுக் கிழவருக்கு ஆம்பளை ஆள் தேடுறாங்க. சாந்தமான மனுஷன். காலையில நாற்காலியில உக்கார வச்சுத் தெருவைக் காட்டினாப் போதும்."

"தெருவுல என்ன இருக்கு?"

"டிராம் போகும்."

"டிராம் பெரிசாச்சே. அதைக் காட்ட நான் எதுக்கு?"

அம்மா சிரிக்க மாட்டாள். கேள்வி அதுதான் என்று மூவருக்கும் தெரியும். கண் முற்றிலும் கைவிட்டால் மிலான். அதுவரைக்கும் கடல். அந்த "அதுவரைக்கும்" எவ்வளவு நீளும் என்பதுதான் கணக்கு.

இரண்டு வருடத்துக்கு முன் ஜனவரியில் அப்பா எனக்குப் போன் செய்தார். நான் சாந்தோ தோமாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன்.

"ஒரு சின்ன கேமரா வேணும். நீதான் இதெல்லாம் படிச்சவ. பாத்துச் சொல்லு."

"படம் எடுக்கவா?"

"படம் யாருக்கு வேணும்? பாக்குறதுக்கு."

அவர் யோசித்து வைத்திருந்தது எளிமையானது. பவழ விசிறியை ஒரு சாண் தூரத்தில் படம் எடுப்பது. கையை முழுக்க நீட்டித் திரையை எட்டப் பிடித்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது. கடல்குதிரையை எட்டக் கொண்டுபோனால் அது இன்னும் சிறிதாகிவிடும். அதன் படத்தை எட்டக் கொண்டுபோகலாம், பெரிதாக்கவும் செய்யலாம். ஒளியியல் படித்த எனக்கு இது தோன்றவில்லை.

நான் ஒரு அட்டவணை போட்டேன். பன்னிரண்டு கேமராக்கள், ஒன்பது பத்திகள். உள்ளே படத்தைப் பதியும் சில்லின் அளவு, லென்ஸ் திறப்பு, எவ்வளவு கிட்டத்தில் குவியும், எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும் உறை கிடைக்கும், மின்கலம் எத்தனை படத்துக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டினேன். முதலிடம் வந்தது எண்பத்து நான்கு. பெரிய சில்லு, நல்ல லென்ஸ். மிகச் சிறியவற்றை எடுக்க உறையின் முன்னால் இன்னொரு லென்ஸைத் தனியாகத் திருகிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு குறைக்கு இரண்டு மதிப்பெண் கழித்திருந்தேன்.

மணிலாவில் கியாப்போவுக்குப் போனோம். ஹிதால்கோ தெரு முழுக்கக் கேமரா கடைகள்தான். கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் கண்ணாடி மேசைமேல் கொட்டினார். உலர்ந்த கூனி இறால். ஒவ்வொன்றும் சென்டிமீட்டருக்குள்.

"சார், இது கேமரா கடை சார்," என்றார் கடைக்காரர்.

"தெரியும் தம்பி. நாத்தம் வராது, நல்லா காஞ்சது."

பிறகு கால்சட்டைப் பையிலிருந்து முங்குகிற கையுறையில் ஒன்றை எடுத்து வலது கையில் மாட்டிக்கொண்டார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கையில ஏதாவது அடிபட்டிருக்கா சார்?"

"இல்ல. கடலுக்குள்ள அந்தக் கை விசிறியில படாம உடம்பை நிலையா நிறுத்திட்டிருக்கும். இல்லைன்னா குச்சி வச்சிருக்கும். அதுக்கு வேற வேலை."

ஒரே கையால் கேமராவை எடுத்து, கூனியைப் படம் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் படத்தைத் திரும்ப வரவழைத்து, பெரிதாக்க வேண்டும். கேமராவைப் பார்க்கக் கூடாது, கடைக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். அதுதான் அவர் வைத்த பரீட்சை. என் எண்பத்து நான்கு மதிப்பெண் கேமராவில் அதற்கு ஆறு அழுத்தல்கள். நடுவில் ஒரு வளையத்தை இன்னொரு கையால் திருப்ப வேண்டியிருந்தது.

"நல்ல கேமராதான். எனக்கு மூணாவது கை முளைக்கட்டும், வாங்கலாம்."

மூன்றாவதாக எடுத்தது என் அட்டவணையில் ஏழாம் இடம். சிறிய சில்லு, மங்கல் வெளிச்சத்தில் புள்ளி புள்ளியாக வரும். ஆனால் லென்ஸ் முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் குவியும், எதையும் திருக வேண்டாம். எடுக்க ஒரு பொத்தான், பார்க்க ஒரு பொத்தான், பெரிதாக்க ஒரு நெம்பி. மூன்றும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அசையாமல் எட்டும் இடத்தில். அப்பா கையை நீட்டித் திரையைப் பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

"மீசை வரைக்கும் தெரியுது நெனெ."

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "சார், படம் கொஞ்சம் தரம் கம்மியா இருக்கும். அதுக்கு இது…"

"படத்தை யாரு வச்சுக்கப் போறா?"

என் அட்டவணையில் பத்தாவது பத்தி ஒன்று இருந்திருக்க வேண்டும், ஒரு கையால் எத்தனை அழுத்தல் என்று. அது இல்லை. நான் அதை அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. அவரும் கேட்கவில்லை. தூசி தட்டுவது போல மேசையிலிருந்த கூனிகளைக் காகிதத்தில் வழித்து மறுபடி மடித்துக்கொண்டார்.

பழக ஆறு வாரம் ஆனது. முதல் படங்கள் எல்லாமே நீலச்சாம்பல். இருபத்து நான்கு மீட்டர் ஆழத்தில் சிவப்பு என்ற நிறமே போய்ச் சேராது. சிவந்த விசிறியும் அதில் இருக்கும் சிவந்த குதிரையும் ஒரே சாம்பலாகத்தான் வரும். ஒரு சின்ன விளக்கை உறையின் தலையில் கட்டினேன், நிறம் திரும்பியது. பிறகு படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். விளக்கு நேரே அடித்து லென்ஸுக்கு முன்னால் மிதக்கும் துகள்களையெல்லாம் காட்டியது. விளக்கைப் பக்கவாட்டில் ஒரு விரற்கடை தள்ளிச் சாய்த்தேன், குறைந்தது. மீதியை அவரே கண்டுபிடித்தார். மூச்சை விட்டு முடித்த கணத்தில், அடுத்த மூச்சு இழுப்பதற்கு முன்னால், உடம்பு மேலும் போகாமல் கீழும் போகாமல் நிற்கும். அப்போது அழுத்த வேண்டும். காலை அசைத்தால் மணல் எழும். ஒரு விசிறிக்கு ஒன்பது படம், மேலிருந்து கீழே மூன்று வரிசை. விருந்தினர்கள் படகுக்கு அடியில் காது அடைப்பைச் சரிசெய்துகொண்டு இறங்கும் நேரம் சுமார் மூன்று நிமிடம். அதற்குள் ஒன்பதையும் எடுத்து, பார்த்து, குதிரையைக் கண்டுபிடித்துக் குச்சியோடு பக்கத்தில் நிற்பார். அவர்கள் வந்து சேரும்போது கேமரா இடுப்பில் தொங்கிக்கொண்டிருக்கும்.

விடுதியின் முகநூல் பக்கத்துக்குப் படம் எடுப்பதாக எல்லோரிடமும் சொல்லிவைத்தார். மேடம் செலினுக்கு அதில் மகிழ்ச்சி. அவ்வப்போது ஒன்றிரண்டைக் கொடுப்பார். மேடம் அவற்றைப் போடவே இல்லை, அவ்வளவு மோசம்.

விடுதி முற்றத்தில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றைக்கு யார் எதைக் காட்டினார்கள் என்று வழிகாட்டிகள் எழுதுவார்கள். முந்தைய வருடம் அப்பா பெயருக்கு எதிரே இடம் காலியாகிக்கொண்டே வந்தது. கேமரா வந்தபின் நிரம்பியது. மார்ச் மாதம் கடல்குதிரை மட்டும் நாற்பத்தொன்று.

அடுத்த இடத்தில் டோமிங். அப்பாவைவிட ஒரு வயது மூத்தவர், அதே விடுதியில் அதே இருபத்தாறு வருடம். அகலமான முகம், அதைவிட அகலமான வாய்.

"என்ன கல்யாணப் போட்டோகிராபரே," என்பார் படகில் ஏறும்போதே, "இன்னிக்குப் பொண்ணு மாப்பிள்ளை எந்தப் பக்கம்?"

"அட, நீ கொஞ்சம் தள்ளி நில்லு குயா. உன் மூஞ்சி விழுந்தா லென்ஸ் விரிஞ்சிரும்."

"என் மூஞ்சியைப் பாத்துத்தான்யா நாலு பேர் டிப்ஸ் குடுக்குறான்."

"இரக்கப்பட்டுக் குடுக்குறான்."

இரண்டு வருடம் இப்படி ஓடியது.

இந்த மே ஐந்தாம் தேதி ஞாயிறு நான் ஊருக்கு வரவில்லை. தொழிற்சாலையில் தணிக்கை. அட்டையைக் காலி செய்வது என் வேலை. கேமராத் திரையில் வரும் பட்டியலில் எழுத்துகள் சிறிது, அவரால் படிக்க முடியாது. அந்த வாரம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இன்னும் இடம் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். பார்க்காமல் போட்ட கணக்கு.

செவ்வாய்க்கிழமை தைவானிலிருந்து வந்த சுவாங் என்ற பல் மருத்துவர் கடலில் இறங்கினார். நண்டுக் கால்கள் போல இரண்டு பக்கமும் விளக்குகள் நீட்டிய பெரிய கேமரா. அப்பா வழக்கம்போல முன்னால் போய் விசிறியை ஒன்பது முறை எடுத்தார். ஒன்றுகூடப் பதியவில்லை. அட்டை நிறைந்திருந்தது. திரையின் மூலையில் அதைச் சொல்லும் எழுத்து இரண்டு மில்லிமீட்டர் உயரம். அவர் பார்க்கும் பொத்தானை அழுத்தியதும் கேமரா தன்னிடமிருந்த கடைசிப் படத்தைக் காட்டியது. திங்கட்கிழமை எடுத்தது. அதே விசிறி. இடதுபுறம், இரண்டாவது கிளை பிரியும் கவட்டில், அழகாக ஒரு குதிரை.

அப்பா அந்தக் கவட்டைக் குச்சியால் காட்டினார். குதிரை முந்தின நாளே அங்கிருந்து போயிருந்தது. கவட்டில் இருந்தது பவழத்தின் முடிச்சு. சிவப்பு, அதே அளவு, அதே வளைவு. அப்பாவின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மருத்துவர் பதினான்கு நிமிடம் அதைப் படம் எடுத்தார். படகில் ஏறிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சிசோ, இதுக்குக் கண்ணே இல்லையே."

அப்பா வாங்கிக் கையை நீட்டிப் பார்த்தார்.

"நாப்பத்திரண்டு படம் எடுத்திருக்கேன் சிசோ. ஒரு முடிச்சை."

டோமிங்தான் வாயைத் திறந்தார்.

"ஆனா ஒண்ணு சார், குதிரைன்னா நெளியும், முகத்தைத் திருப்பிக்கும். இது எவ்வளவு பொறுமையா போஸ் குடுத்திருக்கு பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள், மருத்துவரும் சேர்ந்து. ஆனால் கரையேறியபின் அவர் மேடம் செலினிடம் போனார். கோபமாக இல்லை. உங்கள் வழிகாட்டி தன் கேமராவிலேயே கவனமாக இருக்கிறார், எங்களுக்குத் தேடுவதில் இல்லை, என்றார். அவர் பார்த்தது அதுதான்.

சனிக்கிழமை மேடம் வழிகாட்டிகளை முற்றத்தில் கூட்டினார். நான் அப்போதுதான் பேருந்திலிருந்து இறங்கி அப்பாவைக் கூப்பிட வந்திருந்தேன்.

"ஜூன் ஒண்ணாம் தேதியிலிருந்து வழிகாட்டிங்க யாரும் தண்ணிக்குள்ள கேமரா எடுத்துட்டுப் போகக் கூடாது. விருந்தாளி படம் எடுக்க வந்திருக்காங்க, நாம எடுக்க இல்ல. யாரையும் தனியாச் சொல்லல. எல்லாருக்கும்தான்."

கேமரா வைத்திருந்தவர் அப்பா ஒருவர்தான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"சரிங்க மேடம்," என்றார் அப்பா.

அந்தக் கேமராவால்தான் நாற்பத்தொரு குதிரை என்று அவரால் சொல்ல முடியாது. சொன்னால் ஏன் என்று மேடம் கேட்பார், கண் விஷயம் வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் ஜூன் ஒன்று.

கேமராக்களை நல்ல தண்ணீரில் அலசும் தொட்டியருகே போய் அப்பா உறையை முக்கி, பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தி உப்பை வெளியேற்றிக்கொண்டிருந்தார். டோமிங் பக்கத்தில் வந்து நின்றார். நான் தூணுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

"போச்சா?" என்றார் டோமிங்.

"உனக்குத்தானே சந்தோஷம். போய்ப் பலகையில உன் பேரை மேல எழுது."

"மேல எழுதி என்னய்யா பண்ண? நீ கேமராவை விட்டா நான் எங்க போவேன்?"

"உனக்கென்ன வந்துச்சு?"

"நீ எந்த விசிறிகிட்ட நின்னு ரொம்ப நேரம் அதை நீட்டிப் பாக்குறியோ, அடுத்த முங்குல நான் என் ஆளுங்களை அங்க கூட்டிட்டுப் போறேன். ரெண்டு வருஷமா. இது தெரியாதா உனக்கு?"

அப்பா பொத்தான் அழுத்துவதை நிறுத்தினார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொட்டித் தண்ணீர் அலம்பியது.

"அட திருட்டு நாயே. எவ்வளவு நம்பர் உனக்கு?"

"என்ன நம்பர்?"

"கண்ணாடி நம்பர் குயா."

"எனக்கு எதுக்குக் கண்ணாடி? என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீ எங்க நிக்கிறன்னு தெரியுதுல்ல?"

"பையில என்ன, பேனாவா?"

டோமிங் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். "அது என் பொண்டாட்டியோடது."

"அவ கண்ணாடியை நீ ஏன்யா படகுல தூக்கிட்டு அலையுற?"

"வாசம் புடிக்கத்தான். போய்யா." டோமிங் திரும்பிப் பார்க்காமல் போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது நான் முகமூடி விஷயத்தைச் சொன்னேன். முதல்முறை இல்லை. முகமூடிக் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் படிக்கும் லென்ஸை உள்பக்கமாக ஒட்டித் தருகிறார்கள், பதாங்காஸ் நகரத்திலேயே ஒரு கடை இருக்கிறது, கேமராவே வேண்டாம், என்றேன்.

"ஒட்டினது வெளியே தெரியும்ல?"

"தெரியும். பிறை மாதிரி."

"படகுல ஏறி உக்காந்த உடனே விருந்தாளி அதைத்தான் பாப்பான். சமையல்காரன் மூக்கு அடைச்சுக்கிட்டுப் பரிமாற வந்த மாதிரி இருக்கும் நெனெ."

"மிலான்ல டிராம் பெரிசாத் தெரியும்பா."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் எனக்கு முன்னால் பத்தடி நடந்தார். பிறகு அம்மாவைப் போலவே இருக்கிறாய் என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த மூன்று ஞாயிறும் அவர் ஜூன் ஒன்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வளையத்தைத் துடைத்தோம், அட்டையைக் காலி செய்தோம், லோமி சாப்பிட்டோம்.

அப்பா இறந்த செய்தி கேட்ட அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை விமானம்தான் கிடைத்தது. அடக்கம் ஞாயிறு என்று முடிவானது. அதுவரை வீட்டுக் கூடத்தில் பெட்டி. வாசலில் நீலத் தார்ப்பாயின் கீழ் சீட்டாட்டம், காப்பி, பிஸ்கட். இறந்தவரைத் தனியாக விடக் கூடாது என்பதற்காக ஆட்கள் மாறி மாறி உட்கார்ந்திருப்பார்கள். டோமிங் செவ்வாய் மதியத்திலிருந்து வீட்டுக்கே போகவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கூடத்துப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொல்வார்.

"சிசோ, ஜெயிச்சேன். வந்து படம் எடு."

புதன் காலை மேடம் செலின் வந்தார். பெட்டியருகே பத்து நிமிடம் நின்றார். அந்தக் கேமராவை உள்ளே வைக்கப் போகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் எடுத்த படங்களில் நல்லதாக ஒன்றைக் கொடுத்தால் முகநூல் பக்கத்தில் போடுகிறேன் என்றார். கணினியில் முப்பத்தோராயிரம் படங்கள் இருந்தன. அன்று மதியம் தேடினேன். எல்லாமே விசிறியின் ஒன்பதில் ஒரு பங்கு. குதிரை எங்காவது ஓரத்தில் இருந்தது, பெரும்பாலானவற்றில் அதுவும் இல்லை. நல்லதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

வியாழன் காலை பதினொன்றேகாலுக்கு அப்பாவின் கைபேசி அடித்தது. நான் எடுத்தேன். ஒரு பெண் குரல்.

"சார், பதாங்காஸ் கண்ணாடிக் கடையிலிருந்து பேசுறேன். லென்ஸ் ரெண்டு ஜோடியும் வந்துருச்சு."

நான் அவருடைய மகள் என்றேன். எந்த லென்ஸ் என்று கேட்டேன்.

"முங்குற முகமூடிக்குள்ள ஒட்டுறது மேடம். போன வெள்ளிக்கிழமை ரெண்டு முகமூடி குடுத்துட்டுப் போனாரு. ஒண்ணு அவரோடது, ரெண்டரை. இன்னொண்ணு புதுசு, அகலமான முகத்துக்கு உள்ளது, மூணு."

"மூணுன்னு யார் டெஸ்ட் பண்ணாங்க?"

"நாங்க பண்ணல மேடம். சார் ஒரு காகிதத்துல எழுதிக் கொண்டுவந்தாரு. கூட வேலை பாக்குறவரு கண்ணாடிக் காம்புல போட்டிருந்த நம்பர், அவருக்குத் தெரியாமப் பாத்து எழுதினேன்னு சொல்லிச் சிரிச்சாரு. ஆனா முகத்துல வச்சு அளவு பாக்காம நாங்க ஒட்ட மாட்டோம். அதான், ஒண்ணாம் தேதி காலையில கடை திறக்கும்போதே அந்த ஆளையும் கூட்டிட்டு வந்துர்றேன்னாரு. அன்னிக்கே வேணுமாம், மதியம் ரெண்டு பேருக்கும் படகு இருக்காம். வர்றாங்கதானே?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தார்ப்பாயின் கீழ் டோமிங் கையை முழுக்க நீட்டிச் சீட்டுகளை எட்டப் பிடித்திருந்தார். பக்கத்திலிருந்தவர் அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை.

எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று கேட்டேன். எட்டு என்றாள்.

கூட்டிக்கொண்டு போகும் விஷயத்தை அப்பா டோமிங்கிடம் சொல்லியிருக்கவில்லை.